நாலு வரிப் பூட்டு

கம்ப்யூட்டருக்குப் புது இயங்குதளம் வெளிவந்த மறுநாள் காலையில் பல்வரிசைக்காரர் முகம் வழித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். போனில் பேசப் போகிறவருக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆளான மனைவி போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. மேசையைத் துடைத்தார். பஞ்சு உதிர்ந்துகொண்டிருந்த ஹெட்போனைச் செலோ டேப் போட்டு ஒட்டினார். நோட்டில் தேதியைப் போட்டு அடியில் கோடு இழுத்தார். பிளாஸ்க் நிறைய டீயை ஊற்றி வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாமனைப் போல வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கிற அத்தனை பேரும் புது அப்டேட் என்றால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். நேற்று வரை ஓடிய பிரிண்டர் இன்று ஓடாது. இருந்த பொத்தான் இருந்த இடத்தில் இருக்காது. இதையெல்லாம் மாற்றச் சொல்லி யார் அழுதார்கள் என்று நாமெல்லாம் பல்லைக் கடிக்கிறோம். அப்டேட் எப்போது வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்த மனிதர் ஒருவர் உண்டு என்றால் அது இவர்தான்.

‘பல்வரிசை’ என்பது இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு அவர் தன்னந்தனியாக எழுதிய மென்பொருள். பல் மருத்துவர்களுக்கானது. திரையில் முப்பத்திரண்டு பல்லும் மேலும் கீழுமாக வரிசை கட்டி நிற்கும். ஒரு பல்லைத் தொட்டால் அது எப்போது சொத்தையானது, எப்போது அடைத்தது, யார் பிடுங்கியது என்று அதன் ஜாதகமே வந்து விழும். நோயாளியின் வயது, பழைய வியாதிகள், ஆகாத மருந்துகள் எல்லாம் ஓரத்தில் இருக்கும். ஒரு காலத்தில் நூற்று நாற்பது கிளினிக்குகளில் அது ஓடியது. அவருடைய சொந்தப் பெயர் எந்த டாக்டருக்கும் ஞாபகம் இல்லை. பல்வரிசைக்காரர் என்றால்தான் தெரியும். இத்தனைக்கும் அந்த மனிதர் ஒரு நாளும் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அந்த நாற்காலியின் படத்தைப் பார்த்தாலே அவருக்கு வியர்க்கும்.

பூட்டு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை இயங்குதளம் மாறியபோது, அது தேதி எழுதுகிற முறையை மாற்றிவிட்டது. நாளும் மாதமும் இடம் மாறிக்கொண்டன. ஐந்தாம் மாதம் ஆறாம் தேதி வர வேண்டியவர்கள் ஆறாம் மாதம் ஐந்தாம் தேதிக்குப் போனார்கள். ஒரே நேரத்தில் ஒன்பது பேர் வாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். டாக்டர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அன்று அவர் உட்கார்ந்து நாலு வரி எழுதிச் சேர்த்தார். பல்வரிசை திறக்கும்போது, இது எந்த இயங்குதளம் என்று முதலில் பார்க்கும். தெரிந்த பெயர் என்றால் உள்ளே விடும். தெரியாத பெயர் என்றால், ‘இந்த இயங்குதளத்தில் பல்வரிசை இயங்காது, அழைக்கவும்’ என்று சொல்லி அவருடைய போன் நம்பரைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். அவர் சோதித்துப் பார்த்து, புதுப் பெயரையும் பட்டியலில் சேர்த்த பிறகுதான் திறக்கும். நல்ல எண்ணத்தில் போட்ட பூட்டுதான்.

மூன்று அப்டேட்டுகளுக்கு முன்பு, கடல் கடந்து வேலை பார்க்கிற மகன் பத்து நாள் வந்திருந்தான். அவனும் இதே தொழில்தான். ஒரு மத்தியானம் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

“என்னப்பா இது? இப்பல்லாம் எந்த ஓ.எஸ்.ஸும் தேதிய அப்படி மாத்தறதில்லையே. இந்த நாலு வரிய எடுத்துடுங்க. அப்புறம் எது வந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். யாரும் உங்களக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

“பாக்கறேன்டா,” என்றார்.

பார்க்கவும் செய்தார். மகன் விமானம் ஏறிய மறுநாள் நாலு வரியையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். பல்வரிசை ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மகன் படுத்திருந்த கட்டிலில் போர்வை மடித்தபடி கிடந்தது. குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. யாரும் தொந்தரவு பண்ண மாட்டார்கள் என்ற வார்த்தையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். நாலு வரியையும் பழையபடி இருந்த இடத்திலேயே ஒட்டி வைத்தார்.

என்ன செய்வது? மற்ற நாட்களில் அவரோடு பேசுகிறவர்கள் என்று விரல் விட்டு எண்ணினால் ஒரு கை போதும். அப்டேட் வந்தால் மட்டும் ஒரு வாரத்துக்குப் போன் ஓயாது. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை. அதை அவர் முக்கால் மணி நேரத்துக்கு இழுப்பார். அதைத் திறங்க, இதைப் படிச்சுச் சொல்லுங்க, திரையில கோடு நகருதா, நகரட்டும், பொறுங்க என்பார். கோடு நகர்கிற நேரத்தில் எதிர்முனைக்காரர்கள் பேசாமலா இருப்பார்கள்? ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மாடி வீட்டுக்காரனோடு சண்டை, ஒருவருக்குப் பெண் பிறந்திருக்கிறாள். எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைத்து அடுத்த அப்டேட்டில் மறக்காமல் விசாரிப்பார். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நியாயம் என்று சொல்லவும் வரவில்லை.

ஆனால் ஜனங்களுக்கும் பொறுமை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒரு கூட்டம் சலித்துப்போய் வேறு மென்பொருளுக்கு நடையைக் கட்டியது. போன தடவை அழைத்தவர்கள் ஒன்பது பேர்.

அன்றைக்குப் பதினொரு மணி வரை ஒரு ஈ காக்காய் அழைக்கவில்லை. போன் உயிரோடுதான் இருக்கிறதா என்று இரண்டு தடவை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். பதினொன்றேகாலுக்கு ஒரு டாக்டர் அழைத்தார். “இல்ல சார், நாங்க வேறதுக்கு மாறிட்டோம். பழைய மெஷின்ல ஒரு பேஷண்ட் கார்டு பாக்கலாம்னு திறந்தேன், உங்க நம்பர் வந்துச்சு. பரவால்ல, விடுங்க,” என்று அரை நிமிடத்தில் வைத்துவிட்டார். பல்வரிசைக்காரர் அந்தப் பெயரை நோட்டில் அடித்தார்.

பன்னிரண்டு மணிக்கு மாடி கிளினிக் தங்கச்சி அழைத்தாள்.

ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிற கிளினிக்கின் வரவேற்பு மேசையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறவள். அவர் அவளை நேரில் பார்த்ததில்லை. அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறான், விடியலில் கிளம்பிவிடுவான். மகள் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள், தண்ணீரைக் கண்டால் பயம். இவ்வளவும் அவருக்குத் தெரியும்.

“அண்ணா, வந்துடுச்சுண்ணா உங்க வில்லன்! நேத்து சாயங்காலம் ஆஃப் பண்ணும்போதே எதையோ சுத்திக்கிட்டு இருந்துச்சு. காலைல பாத்தா பல்வரிசை திறக்கல. பிரிண்டரும் படுத்துடுச்சு. யாருண்ணா இவங்களக் கேட்டா?”

அவருக்கு வாயெல்லாம் பல். “கேக்காமலே பண்றதுதானம்மா அவங்க வேலை. பொண்ணு எப்படி இருக்கா? தண்ணில இறங்கினாளா?”

“முட்டி வரைக்கும் இறங்கிட்டாண்ணா. அதுக்கே வீட்டுல பெரிய கொண்டாட்டம்.” சிரித்தாள். பின்னால் டாக்டரின் குரல் எதையோ கேட்டது. “அண்ணா, இன்னிக்குக் கூட்டம். சீக்கிரமா முடிச்சிடலாமா?”

இந்த இடத்தில்தான் அவர் புத்தி பிசகியது. காலையிலிருந்து வந்த அழைப்பே இரண்டு. இவளையும் இப்போதே அனுப்பிவிட்டால் நாளைக்கு யார் இருக்கிறார்கள்? கையில் இருக்கிற ஒரே மிட்டாயை ஒளித்து வைத்துத் தின்கிற குழந்தை மாதிரி ஒரு யோசனை அவருக்கு வந்தது.

“இந்தத் தடவை கொஞ்சம் பெரிய மாத்தம்மா. நான் உட்காந்து பாக்கணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூப்பிடு. நிதானமாப் பண்ணிடலாம்.”

“நாளைக்கா?” அவள் இழுத்தாள். “சரி, ஒரு நாள் தானே. பேப்பர்ல எழுதி ஒப்பேத்திடறேன்.”

அவர் சாயங்காலம் நடக்கப் போனார். ரொம்ப நாளைக்குப் பிறகு பூங்காவை இரண்டு சுற்று சுற்றினார். மறுநாள் என்னென்ன கேட்கலாம் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் அவள் ஒன்பதேகாலுக்கே அழைத்துவிட்டாள்.

“அண்ணா, உடனே திறந்து குடுங்க. வேற எதுவும் வேண்டாம். கார்டு மட்டும் வேணும்.”

குரல் அவளுடையதாகவே இல்லை. “என்னம்மா ஆச்சு?”

“நேத்து நாலு மணிக்கு ஒரு அம்மா வந்தாங்க. தாடை வீங்கிப்போய், வாயே திறக்க முடியல. கூட யாரும் வரல. டாக்டர் கார்டு கேட்டார். திறக்கலைன்னு சொன்னேன். அந்த அம்மாகிட்ட எதாவது மருந்து ஆகாதான்னு கேட்டார், வலியில அவங்க தலைய ஆட்டினது ஆமாவா இல்லையான்னு தெரியல. மாத்திரை எழுதிக் குடுத்துட்டார். ஒரு மாத்திரைதாண்ணா போட்டிருக்காங்க. உதடு, கண்ணு எல்லாம் வீங்கி மூச்சு திணறி, பக்கத்து வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க. பொழச்சுட்டாங்க. இப்ப ஆஸ்பத்திரில கேக்கறாங்க, வேற என்னென்ன ஆகாதுன்னு. கார்டுல செவப்பு எழுத்துல நான்தாண்ணா அடிச்சு வெச்சேன். என் கையாலதான் அடிச்சேன். அது உள்ள இருக்கு, எனக்குத் திறக்கல.”

பல்வரிசைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் விரல்கள் ஓடின. பட்டியலில் பெயரைச் சேர்த்து, அனுப்பி, அவளைத் திறக்கச் சொல்ல இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. எதிர்முனையில் அவள் சிவப்பு எழுத்தை வேறு யாருக்கோ சத்தமாகப் படித்துச் சொன்னாள். மூன்று மருந்துகள். பிறகு லைன் கட்டானது. நோட்டில் எழுதி வைத்திருந்த கேள்விகள் அப்படியே கிடந்தன.

இரண்டு நிமிடம். நேற்று நண்பகலிலும் அதே இரண்டு நிமிடம்தான். முகம் தெரியாத அந்த அம்மா தலையை ஆட்டியது அவர் கண்ணிலேயே நின்றது. கூட யாரும் வராத அம்மா. நமக்குத் தெரியாதா, தனியாக டாக்டரிடம் போகிறவர்கள் யார் என்று!

அன்றைக்கே நாலு வரியையும் எடுத்தார். இந்தத் தடவை திரும்ப ஒட்டவில்லை. பூட்டில்லாத பல்வரிசையை, இனி எந்த அப்டேட் வந்தாலும் என்னைக் கூப்பிட வேண்டியதில்லை என்று ஒரு வரி எழுதி, நோட்டில் இருந்த நூற்று நாற்பது மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்பினார். நூற்றுப் பத்துக்கு மேல், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தன. ஒருவர் மட்டும் பதில் போட்டிருந்தார்: ‘நீங்கள் யார்?’

மாடி கிளினிக்குக்கு அவரே போன் செய்ய நினைத்தார். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்றாவது கேட்க வேண்டும். நம்பரைக் கடைசி எண் வரை அழுத்திவிட்டு நாலு தடவை வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவராக எந்தக் கிளினிக்கையும் அழைத்ததில்லை. அவர்களுக்குக் கோளாறு என்றால் அவர்கள் அழைப்பார்கள். கோளாறு இல்லாமல் போனில் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவளே அழைத்தாள்.

“அண்ணா, அந்த அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. நல்லா இருக்காங்க.”

“அப்பாடா,” என்றார்.

“இன்னொரு விஷயம்ணா.” கொஞ்சம் தயங்கினாள். “டாக்டர் வேற சாஃப்ட்வேர் வாங்கிட்டார். நேத்தே கார்டு எல்லாம் அதுக்கு மாத்தியாச்சு. இதை எடுத்துடச் சொல்றார். எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லிடுங்களேன்.”

சொன்னார். எதைத் திறக்க வேண்டும், எந்த வரிசையில் தேட வேண்டும், எதை வலது பக்கமாக அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குரல் தடுமாறக் கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தன் கையால் கட்டிய வீட்டை இடிக்க ஆளுக்கு வழி காட்டுகிற வேலை. எதையும் நன்றாகச் செய்து பழகிப்போன மனிதர்.

“கண்டிப்பா நீக்கணுமான்னு கேக்குதுண்ணா. ஆமா, இல்லைன்னு ரெண்டு இருக்கு.” அழுத்தாமல் நிறுத்தினாள். “மனசே வரல. பதினாலு வருஷம். உங்க மேல தப்பில்லண்ணா. டாக்டர் கத்தும்போதுகூடச் சொன்னேன், அண்ணா என்ன பண்ணுவார், ஓ.எஸ். காரங்க பண்ற கூத்துக்கு அவர் என்ன பண்ணுவார்னு. அவர் நல்ல மனுஷன்னு சொன்னேன்.”

இதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

“இல்லம்மா,” என்றார். “அவங்க ஒண்ணும் பண்ணல. பல்வரிசை புது ஓ.எஸ்.ல நல்லாவே ஓடும். மூணு அப்டேட்டாவே அப்படித்தான். திறக்காமப் பண்ணினது நான். உள்ள ஒரு பூட்டு இருந்துச்சு, நாலே வரி. அதை எடுத்திருக்கணும். எடுக்கல. அன்னிக்கு நீ கூப்பிட்டப்பவே ரெண்டு நிமிஷத்துல திறந்திருக்கலாம். வேணும்னேதான் நாளைக்குன்னு சொன்னேன்.”

எதிர்முனையில் பல்லைக் குடைகிற இயந்திரம் கிர்ரென்று ஓடி நின்றது.

“எதுக்குண்ணா?”

தேதி மாறிய பழைய கதையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரை வந்தது. “நீங்கல்லாம் கூப்பிடணும்னுதான்,” என்றார்.

எதிர்முனையில் பொத்தான் அழுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

“போயிடுச்சு,” என்றாள். பிறகு, வேலை விஷயமாகக் கேட்கிற குரலில், “ரீஸ்டார்ட் பண்ணணுமா?”

எப்போதும் வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வது அவர் வழக்கம். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து வர நாலு நிமிடம் ஆகும். அது வருகிற வரைக்கும் லைனில் இரு என்பார்.

“வேண்டாம்மா. தேவையில்ல. எப்பவுமே தேவைப்பட்டதில்ல.”

“அது தெரியும்ணா.” அவள் குரல் உடைந்திருந்தது, கோபத்திலா வேறு எதிலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. “ஏழெட்டு வருஷமாத் தெரியும். ஒரு தடவை மறந்துபோய்ப் பண்ணாம விட்டுட்டேன், நல்லாத்தான் ஓடுச்சு. அதுக்கப்புறம் நான் ரீஸ்டார்ட் பண்ணினதே இல்ல. பண்றேன்னு சொல்லிட்டு சும்மா லைன்ல இருப்பேன். தனியா இருக்கற மனுஷன், நாலு நிமிஷம் பேசட்டுமேன்னு.”

அவர் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

“சும்மாவே கூப்பிட்டிருக்கலாமேண்ணா,” என்றாள். “பூட்டெல்லாம் எதுக்கு? கூப்பிட்டிருந்தா நான் பேசியிருப்பேன்.”

உள்ளேயிருந்து யாரோ அவளை அழைத்தார்கள். “வரேன் டாக்டர்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.